உப்புத் தண்ணி குடிச்ச வண்டி

கொச்சியில ஒருத்தன் ஒர்க்‌ஷாப்புல போய் நின்னு, "கார்ல ஹீட்டரு சரியா வேல செய்யல"ன்னு சொன்னா, கேட்டவுக சிரிக்காம என்ன செய்வாக? சிரிக்கத்தான் செஞ்சாக. நானும் சிரிச்சேன், சொல்றதுக்கு என்ன வெக்கம். டிசம்பர் மாசத்துலயும் முந்தானையால கழுத்தத் தொடச்சுக்கிட்டே ஆப்பம் சுடுற ஊரு இது. இங்க எவனுக்கு வேணும் ஹீட்டரு? இப்ப நெனச்சா அந்தச் சிரிப்பு எனக்கே கசக்குது.

என் பேரு ஆவுடையம்மாள். சொந்த ஊரு சங்கரன்கோயில் பக்கம். மட்டாஞ்சேரியில சுக்குக் கிட்டங்கிக்கு எதுத்த சந்து மொனையில இருபத்தாறு வருசமா சாயாவும் ஆப்பமும் போட்டுக்கிட்டிருக்கேன். என் கடைய ஒட்டுனாப்புல சந்தீப்போட ஒர்க்‌ஷாப்பு. அதுக்கு அங்கிட்டு மூணாவது வீடு சங்கிலிப்பாண்டி வீடு. சிவகிரிக்காரன். சொந்தமா டாக்சி வச்சு ஓட்டுறான். எனக்குத் தம்பி முறை, அதனால அவன் இவன்னுதான் சொல்லுவேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. அவன் பொண்டாட்டி அமுதவள்ளி கிட்டங்கியில சுக்குப் பொறுக்கப் போறவ. பொழுதுக்கும் சுக்குத் தூசியில உக்காந்து உக்காந்து, அவ வந்து பக்கத்துல நின்னாலே நமக்குத் தும்மல் வரும்.

இவங்களுக்கு ஒரே மக, ரோஜா. மூணாறுல ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சரா போச்சு. போன எடத்துல தேயிலை ஃபாக்டரியில வேல பாக்குற அருண்பாண்டிய விரும்பிருச்சு. பய நல்ல பயதான், ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா சங்கிலி தன்னோட அக்கா மகனுக்குத்தான் பொண்ணுன்னு என்னைக்கோ வாக்குக் குடுத்துட்டான். அக்கா தூக்கி வளத்தவ. இவனுக்கு ரெண்டு பக்கமும் இடி. கடைசியில மக மூணாறு முருகன் கோயில்ல கல்யாணம் முடிச்சுக்கிட்டா. இவங்க ரெண்டு பேரும் போகல. அதோட அஞ்சு வருசமா அப்பனும் மகளும் ஒரு வார்த்த பேசல. அமுதா மட்டும் கிட்டங்கி மதில் ஓரமா நின்னுக்கிட்டு மகளோட போன்ல பேசுவா. பேசி முடிச்சுட்டு மூக்கச் சிந்துவா. கேட்டா சுக்குத் தூசிம்பா.

ரோஜா உண்டாகிருந்தப்பவும் பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வரல. கூப்பிட்டாத்தானே வருவா? பிள்ள எட்டாம் மாசமே பொறந்துருச்சு, பொம்பளப் பிள்ள, எட ரெண்டு கிலோகூட வரல. ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில வச்சுத்தான் காப்பாத்துனாகளாம். அது நடந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு திங்கக்கெழம, ரோஜா அவ அம்மாவுக்குப் போன் பண்ணுனா.

"அம்மா, இங்க குளிரு தாங்கல. பிள்ளைய வெதுவெதுப்பாவே வச்சிருக்கணும்னு டாக்டரு சொல்றாரு. நான் தூக்கிட்டு அங்க வந்துரட்டுமா? மாசி வரைக்கும் இருந்துட்டு வாறேன். அப்பாவ வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு. சனிக்கெழம வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் எறங்கிரணும், எட்டு மணியாச்சுன்னா டூரிஸ்ட் வண்டி ரோட்ட அடச்சிரும். ஆனா ஒண்ணும்மா. வண்டியில ஹீட்டர் நல்லா ஓடணும். ஓடலன்னா முன்னக்கூட்டியே சொல்லிரு, நான் வரல."

இத எங்ககிட்ட வந்து சொல்லும்போது அமுதாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சங்கிலி நேரா என் கடைக்கு வந்து பெஞ்சுல உக்காந்தான். சாயா குடுத்தேன், குடிக்கல. கிளாஸையே பாத்துக்கிட்டு, "அக்கா, 'அப்பாவ வரச் சொல்லு'ன்னு சொல்லிருக்கா. அப்பாவன்னு சொல்லிருக்கா"ன்னான். அம்பத்தஞ்சு வயசு ஆம்பள. அவன் மொகத்த என்னால பாக்க முடியல. "சாயா ஆறுது, குடிடா"ன்னு ஒரு அதட்டு போட்டேன்.

குடிச்சுட்டு எந்திரிச்சுப் போனவன் வண்டிக்குள்ள ஏறிக் கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டான். வெள்ள டீசல் வண்டி, ஏழு பேரு உக்காரலாம், பதினாலு வருசமா அதுதான் சோறு போடுது. மத்தியான வெயிலு மண்டையப் பொளக்குது. இவன் உள்ள ஹீட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். கிட்டங்கியில மூட்டை எறக்குற ஆளுக எல்லாம் கூடிட்டாக. "சங்கிலிச் சேட்டனுக்குக் கிறுக்குப் புடிச்சோ?"ன்னு ஒருத்தன் கேக்கான். பத்து நிமிசம் கழிச்சுத் தெப்பமா நனஞ்சு எறங்கி வந்தான். "நீ கைய வச்சுப் பாருக்கா"ன்னு என்னை இழுத்துட்டுப் போனான். வச்சுப் பாத்தேன். பூனக்குட்டி மூச்சு விட்ட மாதிரி என்னமோ வந்துச்சு.

"இது வெயில் சூடா, ஹீட்டர் சூடான்னே தெரியலையேடா"ன்னேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்"னான்.

மறுநா காலையில வண்டி சந்தீப் ஒர்க்‌ஷாப்புல நின்னுச்சு. சந்தீப்பு நம்ம தமிழ்க் குடும்பம்தான். பாட்டன் காலத்துலயே தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இங்க வந்து தங்குனவுக. பேசுறது தமிழுதான், ஆனா பாதிக்குப் பாதி மலையாளம் கலந்து வரும், தண்ணிய வெள்ளம்பான், ஊத்துறத ஒழிக்கிறதும்பான். கைராசிக்காரன். வண்டி மூடியத் தெறந்து, எஞ்சின ஓட விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள போற ரெண்டு ரப்பர் பைப்பையும் கையால புடிச்சுப் பாத்தான்.

"சேட்டா, ஹீட்டருக்குன்னு தனியா அடுப்பு கிடையாது. எஞ்சின்ல சூடாகுற வெள்ளம் ஒரு பைப்பு வழியா உள்ளே போகும், சின்னதா ஒரு ரேடியேட்டர் மாதிரி சாதனத்துல சுத்தி, மத்த பைப்பு வழியா திரும்பி வரும். ரெண்டும் சூடா இருக்கணும். இங்க போற பைப்பே வெதுவெதுப்பு. வர்ற பைப்பு தணுத்துக் கெடக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா எஞ்சினே சரியா சூடாகல. இருங்கோ." என்னத்தையோ கழட்டிப் பாத்துட்டுத் தலையில கைய வச்சான். "இதுல தெர்மோஸ்டாட் வால்வே இல்லையே! ஆரு எடுத்துக் களஞ்சது?"

சங்கிலி திருதிருன்னு முழிச்சான். "நான்தான் எடுக்கச் சொன்னேன். வாங்குன புதுசுல. வெயில் ஊர்ல அது எதுக்கு, சூட்டப் புடிச்சு வைக்கும்னு டிரைவர்மாரெல்லாம் சொன்னாகளே. எல்லாரும்தான் எடுத்தாங்க."

"எல்லாரும் எடுப்பாங்க. இங்க ஒண்ணும் தெரியாது. மலை மேல ஏறினா எஞ்சின் பச்ச வெள்ளத்துல குளிச்சிட்டு இருக்கும். பின்னே ஹீட்டர் எங்கேயிருந்து சூடாகும்?"

புது வால்வு போட்டான். போற பைப்பு கொதிச்சுச்சு. வர்ற பைப்பு அப்பவும் தணுத்துத்தான் கெடந்துச்சு. நடுவுல அடப்பு. எஞ்சின ஆற விட்டு ரேடியேட்டர் மூடியத் தெறந்தா, உள்ள கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு. மூடிக்கு அடியில வெள்ள வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்கு.

"சேட்டா, இதுல என்ன வெள்ளம் ஒழிக்கிறது?"

"கெணத்துத் தண்ணிதான்."

சந்தீப்பு சாவியக் கீழ வச்சுட்டு என்கிட்ட வந்து ஒரு சாயா கேட்டான்.

மட்டாஞ்சேரிக் கெணத்துத் தண்ணி எப்படின்னு இங்க இருக்கிறவுகளுக்குத் தெரியும். வாயில வச்சா மீன் கழுவுன உப்பு. துணி தொவச்சா வெளுக்காது, வாளியில மஞ்சக் கறை ஏறிரும். குடிக்கவும் பொங்கவும் பைப்புத் தண்ணிதான். அது ஒண்ணுவிட்டு ஒருநா வரும், வந்தா ஒரு மணிநேரம். ஒரு கொடம் கூடப் புடிச்சுட்டான்னு மண்டைய ஒடச்சுக்கிட்ட கதையெல்லாம் இந்தச் சந்துல உண்டு. அமுதாவுக்கு அந்தத் தண்ணி உசுரு மாதிரி. கல்யாணமாகி வந்த நாள்லயிருந்து ஒரு செம்பு சிந்த விடமாட்டா. புருசன் காருக்கு ஊத்தணும்னு செம்ப எடுத்தா, "மனுசன் குடிக்கிற தண்ணிய மெசினுக்கு ஊத்துறதா? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். கெணத்துல மோந்து ஊத்துங்க, அது என்ன வாய் தெறந்து ருசி கேக்கப் போவுதா?"ன்னு புடுங்கி வச்சிருவா. நானும் பக்கத்துல நின்னு ஆமாஞ்சாமி போட்டவதான்.

பதினாலு வருசம் உப்புத் தண்ணி குடிச்சிருக்கு அந்த வண்டி.

"கழுவணும்"னான் சந்தீப்பு. "உள்ளே இருக்கிறதெல்லாம் எறக்கிட்டு, பைப்பு ரெண்டையும் கழட்டி, பின்பக்கமா நல்ல வெள்ளம் விட்டுக் கழுவணும். பைப்பு வெள்ளம் வேணும், கெணறு ஆகாது. கடைசியில மட்டும் பேட்டரி வெள்ளமும் பச்சக் கூலண்டும் நான் கொண்டு வரேன்."

"எத்தன கொடம் வேணும் தம்பி?"ன்னு பின்னாலிருந்து ஒரு கொரலு. அமுதா. கிட்டங்கியிலிருந்து எப்ப வந்து நின்னாளோ தெரியல.

"பத்துப் பன்னெண்டு வேணும் சேச்சி."

புதன்கெழம தண்ணி வர்ற நாளு. அவ வீட்டுல மொத்தம் எட்டுக் கொடம்தான் இருக்கு. எட்டையும் ரொப்பி, ஒவ்வொண்ணா இடுப்புல வச்சுத் தூக்கியாந்து எறக்குனா. பத்தாம போச்சு. என் கடையில சாயாவுக்கு வச்சிருந்த டிரம்மக் காட்டி, "எடுத்துக்கோ"ன்னேன். அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல எனக்கு யாவாரம் கெடையாது. போவுது, என்ன இப்ப.

சந்தீப்பு மெதுவாத்தான் தண்ணி விட்டான். அழுத்தி விட்டா பழைய சாதனம் தாங்காதாம். மொதல்ல செங்கல் பொடி கரைச்ச மாதிரி வந்துச்சு. அப்புறம் செதில் செதிலா. அப்புறம் மஞ்சளா. ஒவ்வொரு கொடத்துக்கும் அமுதா குனிஞ்சு குனிஞ்சு பாத்தா. ஓடையில போற தண்ணியப் பாத்துக்கிட்டே என்கிட்டச் சொன்னா: "நான் ஒரு செம்பு குடுத்திருக்கலாம்க்கா. வாரத்துக்கு ஒரு செம்பு. என்ன கொறஞ்சா போயிருப்பேன்?"

"அதெல்லாம் யாருளா கண்டா? சும்மா கெட"ன்னேன்.

சாயங்காலம் எல்லாம் பூட்டி ஓட விட்டாக. கைய வச்சா இப்ப சூடு தெரிஞ்சுது. எரியுற அடுப்புச் சூடு இல்ல, அடக்கோழி வயித்துச் சூடு.

"இது மதி சேட்டா, போதும்"னான் சந்தீப்பு. "கண்ணாடிய ஏத்தி வச்சா அஞ்சு கிலோமீட்டர்ல உள்ளே நல்லா வெதுவெதுன்னு ஆயிரும். பிள்ளைக்கு ஒரு கம்பிளி. இனி இதுல கைய வைக்கக்கூடாது. எங்கெல்லாம் துரு இருக்கோ அங்கெல்லாம் துருதான் ஓட்டைய அடச்சுட்டு நிக்குது. கூடுதல் கழுவினா ஓட்ட வெளிய வரும். நான் சொல்றது மனசிலாச்சோ?"

"ஆச்சு, ஆச்சு"ன்னு சங்கிலி தலைய ஆட்டுனான். ஆனா அவன் மொகம் ஒத்துக்கல. ராத்திரி சோறு எறங்கலையாம். "வெதுவெதுப்பு போதாது அமுதா. அவ ஏறுன உடனே கைய வச்சுத்தான் பாப்பா. எங்கப்பன் எனக்காகப் பண்ணுனாருன்னு அவளுக்குத் தெரியணும். சூடு சும்மா தகதகன்னு வரணும்"னு பொலம்பிருக்கான்.

வியாழக்கெழம மத்தியானம், சந்தீப்பு எடப்பள்ளிக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம். சங்கிலி கையில ஒரு நீலப் பாட்டிலோட வந்தான். கக்கூஸ் கழுவுற ஆசிட்டு.

"என்னடா, வீட்டு வேலயெல்லாம் நீ பாக்க ஆரம்பிச்சிட்டியா?"ன்னு கேட்டேன்.

"இல்லக்கா. நம்ம பாத்ரூம் டைல்ஸ்ல, வாளியில எல்லாம் கெணத்துத் தண்ணிக் கறை புடிக்குதில்ல? அமுதா இத ஊத்தித் தேச்சா பாலா வெளுத்துருது. அதே கெணத்துத் தண்ணிதான வண்டிக்குள்ளயும் கறை புடிச்சிருக்கு? அதே ஆசிட்டுதான அதுக்கும்?"

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "அட, இது நல்ல ரோசனையா இருக்கே"ன்னேன். சத்தியமா அப்படித்தான் சொன்னேன். எங்க வீட்டு வாளியும் அப்படித்தான வெளுக்குது. படிச்சவளா நானு? என் வாயில கொள்ளிக்கட்டைய வைக்கணும்.

சந்தீப்பு ஊத்துன பச்சக் கூலண்டையெல்லாம் ஒரு கேனுல எறக்கி வச்சுட்டு, பைப்புத் தண்ணியில அரப் பாட்டில் ஆசிட்டக் கலந்து ஊத்துனான். ஒரு மணிநேரம் எஞ்சின ஓட விட்டான். அப்புறம் எறக்கி, அலசி, அந்தக் கூலண்ட மறுபடி ஊத்தி ஓட்டிப் பாத்தான். "அக்கா, ஓடியா!"ன்னு கத்துனான். ஓடிப்போய்க் கைய வச்சேன். யம்மாடி! வெடுக்குனு எடுத்துட்டேன். நெசமாவே தகதகன்னு வந்துச்சு சூடு. அமுதாவையும் கூப்பிட்டுக் காட்டுனான். அவ ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு, குளிர் காயிறவ மாதிரி சிரிச்சா. அவ பல்லு தெரிஞ்சு நான் அஞ்சு வருசமாப் பாக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் அவன் செலவுல சாயா. பின் சீட்டத் தொடச்சு, மகளுக்குத் தலகாணி, பிள்ளைக்குப் புதுக் கம்பிளி, தூளிச்சேலன்னு அமுதா எல்லாத்தையும் அடுக்கி வச்சா. மறுநா காலையில பத்து மணிக்குக் கெளம்பி மேல போறது, அங்க லாட்ஜுல தங்கி, சனிக்கெழம வெள்ளன பிள்ளையோட எறங்குறதுன்னு ஏற்பாடு.

வெள்ளிக்கெழம ஒம்பது மணிக்கு வண்டிய எடுக்கப் போனவன் அப்படியே நின்னுட்டான். வண்டிக்கு அடியில பச்சக் கொளம். கதவத் தெறந்தா முன் சீட்டுக்குக் கீழ சாக்கு விரிப்பு ஊறிக் கெடக்கு. அவசரமா எஞ்சினப் போட்டான். ஹீட்டர் வாயில இருந்து புசுபுசுன்னு ஆவி வந்து கண்ணாடி பூராவும் மூடிருச்சு. இனிப்பா ஒரு வாட. முன்னால ரேடியேட்டர்லயும் நாலஞ்சு எடத்துல பொட்டுப் பொட்டா ஒழுகுது.

சந்தீப்பு ஓடி வந்து குனிஞ்சு பாத்தான். மோந்து பாத்தான். "என்னத்த ஒழிச்சீங்க?"ன்னு கேட்டான்.

"ஆசிட்டு."

"எது? பாத்ரூம் ஆசிட்டா? எத்தற நேரம்?"

"ஒரு மணிநேரம். டைல்ஸ்ல, வாளியில எல்லாம்…"

"சேட்டா." சந்தீப்பு அப்படியே தரையில உக்காந்துட்டான். அவனுக்குக் கோவம்கூட வரல. "வாளி பிளாஸ்டிக். டைல்ஸ் சுட்ட மண்ணு. இது அலுமினியம். பழைய அலுமினியம். கறையத் தின்னுட்டு ஆசிட்டு சும்மா இருக்குமோ? அலுமினியத்தையும் தின்னிருக்கு. உள்ளே இருக்கிற அந்தச் சின்ன ரேடியேட்டர், ஹீட்டர் கோர், அது போச்சு. ரேடியேட்டரும் போச்சு. இத வச்சு இந்தா இருக்கிற தோப்பும்படி வரைக்கும்கூட ஓட்ட முடியாது."

"சாமான் வாங்கிப் போட்டா?"

"ரேடியேட்டர் கெடைக்கும். ஹீட்டர் கோர் ஆரு வச்சிருப்பாங்க இந்த ஊர்ல? ஆர்டர் குடுத்து வரணும். செவ்வா, புதன் ஆகும்."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு சும்மாவா சொன்னாக. அந்த அடக்கோழிச் சூடாவது மிஞ்சிருந்தா பிள்ளையக் கம்பிளியில சுத்திக் கொண்டாந்திருக்கலாம்.

அதுக்கப்புறம் ரெண்டு மணிநேரம் சங்கிலி தெரிஞ்ச டிரைவருக்கெல்லாம் போன் போட்டான். கிறிஸ்மஸ் சீசன். எல்லா வண்டியும் மலையிலதான் கெடக்கு. கலூர்ல ஒருத்தன் தாறேன்னான். "ஹீட்டரு ஓடுமா?"ன்னு இவன் கேட்டான். "ஹீட்டரா? அந்தப் பைப்ப எப்பவோ மடக்கிக் கட்டிட்டேன் சேட்டா, கொச்சியில அது எதுக்கு?"ன்னு அவன் சிரிச்சது எனக்கே கேட்டுச்சு. சங்கிலி சிரிக்கல. போன வச்சுட்டு என் கடை பெஞ்சுல வந்து உக்காந்தான். அமுதா வேலைக்குப் போகாம அங்கனயே நின்னுக்கிட்டிருந்தா.

"ரோஜாட்டச் சொல்லணும்"னா.

"நீ சொல்லிரு."

"நான் சொல்ல மாட்டேன். உங்க வாயால நீங்க சொல்லுங்க. இந்த ஒரு தடவையாவது."

அமுதா அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. அவளே நம்பரப் போட்டு, எல்லாருக்கும் கேக்குறாப்புல வச்சு, அவன் கையில குடுத்தா. மணி அடிச்சுச்சு. எடுத்தா.

"அம்மா, கெளம்பியாச்சா?"

"ரோஜா… அப்பா பேசுறேன்."

அவளுக்கு அஞ்சு வருசம் கழிச்சுக் கேக்குற கொரலு. அப்புறம் மெதுவா, "சொல்லுங்கப்பா. எங்க வந்திருக்கீங்க?"ன்னா. சின்னப் பிள்ளயில இவன் சவாரி முடிச்சு வாறப்ப வாசல்ல நின்னு கேப்பாளே, அதே கொரலு. பின்னால பிள்ள ங்ங்ஙான்னு முனங்குறது கேட்டுச்சு.

"வண்டி… வண்டி ரிப்பேராயிருச்சும்மா."

"வண்டி ரிப்பேரா"ன்னா, கேள்வியா இல்லாம. "கல்யாணத்தன்னைக்கும் இதத்தான்ப்பா சொன்னீங்க."

அந்தக் கதைய நான் சொல்லித்தான் ஆகணும். கல்யாணத்துக்குப் போகலன்னுதானே சொன்னேன்? போறதுக்குக் கெளம்பத்தான் செஞ்சான். புது வேட்டி, மாலை, தட்டு எல்லாம் வண்டியில ஏத்தி, அமுதாவும் பட்டுச்சேல கட்டி உக்காந்தாச்சு. வண்டியும் ஓடிக்கிட்டிருக்கு. அந்த நேரம் பாத்து ஊர்ல இருந்து அக்கா போனு. நீ அந்த வாசல மிதிச்சேன்னா என் பொணத்தத்தான் பாக்கணும்னு ஒரே ஒப்பாரி. இவன் கேட்டான், கேட்டான், கேட்டுட்டு எஞ்சின அமத்திட்டான். எறங்கவும் இல்ல, போகவும் இல்ல. ஒரு மணிநேரம் இந்தச் சந்துலயே வண்டிக்குள்ள உக்காந்திருந்தாக. அப்புறம் மகளுக்குப் போன் போட்டு, மூணாறு வர்ற வழியில நேரியமங்கலம் பாலத்துல வண்டி நின்னுபோச்சு, ரேடியேட்டர் போச்சு, முகூர்த்தத்துக்கு வர முடியாதும்மான்னு சொன்னான். பின் சீட்டுல அமுதா வாயில முந்தானைய வச்சு அழுத்திக்கிட்டிருந்தா. இதெல்லாம் என் கண்ணால பாத்தேன். நான் ஒரு கேள்வி கேக்கல.

இப்ப சந்தீப்பு போன வாங்கப் போனான். "ரோஜா, ஞான் சந்தீப்பு. சத்தியமாட்டும் வண்டி…"

சங்கிலி அவன் கையத் தள்ளி விட்டான். போன வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "அன்னைக்கு வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா"ன்னான். "நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் வரல. அப்பா பொய் சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் நெசமா ரிப்பேரு."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நேரியமங்கலம் பாலத்துல நிக்கோம்னு சொல்றீங்க. பின்னால ஆவுடையத்த 'ரெண்டு சாயா, அதுல ஒண்ணு வித்தவுட்'டுன்னு கத்துறது கேக்குது. தாலி கட்டுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். சந்துல இருந்துகூட வந்துருவீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அந்த எடத்துலயே செத்துரலாம் போல இருந்துச்சு. என் பாழாப்போன தொண்ட. காயல்ல போற படகுக்குக்கூடக் கேக்கும்னு எல்லாரும் கேலி பண்ணுவாக, நானும் அதப் பெருமன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

"அம்மாட்டக் குடுங்க"ன்னா ரோஜா.

அமுதா வாங்குனா.

"அம்மா, நீ பஸ்ஸேறி வந்துரு. இங்கயே இருந்து பிள்ளையக் குளிப்பாட்டி விடு. மாசி வரைக்கும் இரு. நான் எறங்கல."

"அப்பாவும் கூட வரட்டுமாடி? பஸ்ஸுல."

பிள்ள அழ ஆரம்பிச்சிருச்சு. அதத் தட்டிக் குடுக்குற சத்தம் கேட்டுச்சு. "அப்பா வண்டியச் சரி பண்ணட்டும்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

கோவத்துல சொன்னாளா, வருத்தத்துல சொன்னாளா, எனக்குச் சொல்லத் தெரியல. சங்கிலி, "சரிதான், சரி பண்றேன்"ன்னு அணஞ்சு போன போனப் பாத்துச் சொன்னான். அப்புறம் எந்திரிச்சுப் போய் வண்டியிலிருந்து கம்பிளியையும் தூளிச்சேலையையும் எடுத்துக் கொண்டாந்து பையில மடிச்சு வச்சான்.

சனிக்கெழம காலையில வைட்டிலா ஸ்டாண்டுக்கு மூணு பேரும் போனோம். தோப்பும்படி வழியா டவுன் பஸ்ஸு. மூணாறு பஸ்ஸுல அமுதாவுக்கு ஜன்னல் சீட்டு கெடச்சுச்சு. பைய மேல வச்சுட்டு நான் எறங்கப் போறேன், என் கையப் புடிச்சுக்கிட்டா.

"அன்னைக்கே நான் வண்டிய விட்டு எறங்கி பஸ்ஸேறிப் போயிருக்கணும்க்கா. பட்டுச்சேலயோட. யாரு தடுத்தா? இவுகளா கையப் புடிச்சாக? நானாத்தான உக்காந்திருந்தேன்."

"இப்பப் போறேல்ல. போ. கண்ணத் தொடச்சுக்கோ"ன்னேன்.

கீழ சங்கிலி ஜன்னல்கிட்ட நின்னான். தைலப் பாட்டில் எடுத்தியா, கஞ்சிக்கு அரிசி அங்க நல்லதா கெடைக்குமா, அடிமாலி தாண்டுனதும் காதக் கட்டிக்கோன்னு என்னென்னமோ சொல்லிக்கிட்டிருந்தான். டிரைவரு ஏறி உக்காந்து எஞ்சினப் போட்டாரு. அப்பத்தான் அவனுக்குத் தோணிருக்கு. ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுக் கேட்டான்.

"அமுதா, பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காகன்னு கேட்டுச் சொல்லு."

அமுதா அவனையே பாத்தா. "மாளவிகா"ன்னா. "பேரு வச்சு ஒண்ணரை மாசமாச்சு. எனக்குத் தெரியும், சந்துக்கே தெரியும். நீங்கதான் ஒருநாக்கூடக் கேக்கல."

பஸ்ஸ எடுத்துட்டாரு. சங்கிலி கம்பிய விட்டுட்டுக் கூடவே நாலு எட்டு நடந்தான், அப்புறம் நின்னுட்டான்.